கழுத்துக்கேற்ற நுகம்

வேலை செய்யும் மாட்டின் கழுத்தில் புண் இருப்பது எமது கிராமங்களில் யாருக்கும் புதினமல்ல. "உழைக்கிற மாட்டுக்குப் புண் வரத்தானே செய்யும்" என்று சொல்லி, கழிவு எண்ணெயைத் தடவி, மறுநாள் காலையில் மீண்டும் பூட்டிவிடுகிறோம். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கழுத்துப் புண் உழைப்பினால் வருவதன்று. பொருந்தாத நுகத்தினாலும், தவறான இடத்தில் ஏற்றிய பாரத்தினாலும் வருவது. ஆகவே அது அளந்து, சீவி, மாற்றி வைத்துத் தடுக்கக்கூடிய ஒன்று.

இன்றைக்கும் மாடு எதற்கு?

உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் எல்லா வட்டைகளுக்கும் வந்துவிட்ட காலத்தில் நுகத்தைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் 2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வேளையில் ஒரு சோடி மாடும் ஒரு வண்டிலும் வைத்திருந்த குடும்பம் விறகையும் நெல்லையும் வரிசையில் நிற்காமலே கொண்டுபோனது. கூலிக்கு உழவு இயந்திரம் பிடிக்கக் கையில் காசில்லாத குடும்பத்துக்கு எந்த ஆண்டும் 2022 போலத்தான்.

எமது பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்து மக்கள் 1990களிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின்போதும், பின்னர் 2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து 2007 ஜனவரி வரையிலும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள். காட்டு வழியாகவும் வாவி வழியாகவும் உயிரை மட்டும் கொண்டு வெளியேறியபோது மாட்டையும் வண்டிலையும் கொண்டுபோக முடியவில்லை. கன்றிலிருந்து ஒன்றாகப் பழகிய சோடிகள் பிரிந்தன. நுகம் செய்யத் தெரிந்த தச்சர்கள் திசைக்கொருவராய்ப் போயினர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு நுகம் சீவவும் மாடு பூட்டவும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கத் தகப்பனிடம் மாடும் இல்லை, நிலமும் இல்லை. பின்னர் உதவித் திட்டங்களில் மாடு கிடைத்த இடங்களில்கூட, அந்தப் பழக்கம் கூடவே கிடைக்கவில்லை. அறுந்துபோன அந்த அறிவைத் திரும்பக் கட்டுவதும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதிதான்.

குதிரையிடமிருந்து படித்த பாடம்

உடலின் எலும்பு, தசை, மூட்டு ஆகியன பாரத்தையும் இழுவையையும் எவ்வாறு தாங்குகின்றன என்று ஆராயும் துறைக்கு உயிர்ப் பொறிமுறையியல் என்று பெயர். மிருகங்களைப் பொறுத்தமட்டில் இத்துறை குதிரையை வைத்தே அதிகம் வளர்ந்தது. 1878இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வேட் மைபிரிட்ஜ் என்பவர் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். பாய்ந்தோடும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைவிட்டு உயர்கின்றன என்பது அப்படங்களினால் ஐயமின்றித் தெரிந்தது. இன்று சேணத்தின் கீழே அழுத்தத்தை அளக்கும் விரிப்புகளை வைத்து, சவாரி செய்பவரின் பாரம் குதிரையின் முதுகில் எந்த இடத்தில் கூடுகிறது என்று கணினியில் பார்க்கிறார்கள். நல்ல சேணமும் நிமிர்ந்த இருப்பும் குதிரையின் முதுகைக் காக்கின்றன என்று அறிந்து, சேணம் செய்யும் முறையையும் சவாரி கற்பிக்கும் முறையையும் திருத்துகிறார்கள்.

எம் நாட்டில் குதிரை என்றால் நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து எச்சமாகத் திரியும் மட்டக்குதிரைகளும், நுவரெலியாவில் சித்திரை மாதத்தில் நடக்கும் ஓட்டமும்தான் நினைவுக்கு வரும். எமது வட்டைகளில் குதிரை இல்லை. ஆனாலும் குதிரையில் கண்ட விதி எருதுக்கும் எருமைக்கும் பொருந்தும். அதில் முதல் விதி இது: மிருகம் பாரத்தை எந்த இடத்தில் தாங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் பலம் பயன்படும்.

பழங்காலத்தில் பல நாடுகளில் குதிரையின் தொண்டையைச் சுற்றிய வாரினால் வண்டியை இழுக்கச் செய்தார்கள். வார் மேலே ஏறினால் மூச்சை நெருக்கும். சீனாவில் தோன்றி, ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவில் பரவிய திணிப்பு வைத்த கழுத்து வளையம் இழுவையைத் தொண்டையிலிருந்து தோளுக்கு மாற்றியது. குதிரை அதே குதிரைதான். பாரம் விழும் இடம் மாறியதனால் அது பாரமான ஏரையும் இழுத்தது.

மாட்டின் தோளும் கழுத்தும்

மனிதருக்கு நெஞ்சையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் அது இல்லை. அவற்றின் முன்கால்கள் உடலோடு தசையினால் மட்டுமே தொங்குகின்றன. ஆகையால் ஒவ்வோர் அடியிலும் தோள்பட்டை எலும்பு தோலின் கீழே முன்னும் பின்னும் வழுக்கி அசைகிறது. நடக்கும் மாட்டின் தோளில் உள்ளங்கையை வைத்தால் இதை நீங்களே உணரலாம். அசையும் அந்த எலும்பின்மேல் நுகம் உட்கார்ந்தால் ஓர் அடிக்கு ஒரு தடவை தோல் தேயும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நாட்டெருதுக்கு ஏரி என்று நாம் சொல்லும் திமில் உண்டு. நுகம் அதற்கு முன்னே, தோள் எலும்பில் முட்டாமல், கழுத்தின் மேற்புறத் தசையில் அகலமாக உட்கார வேண்டும். எருமைக்குத் திமில் இல்லை. கழுத்து அகன்று தட்டையாயிருக்கும். ஆகவே எருதுக்குச் சீவிய நுகத்தை எருமைக்கும், எருமையின் நுகத்தை எருதுக்கும் மாற்றிப் போடுவது நல்லதல்ல.

மெலிந்த மாட்டுக்கு ஆபத்து அதிகம். தோலுக்கும் எலும்புக்கும் இடையில் தசை குறைவதால் நுகம் நேராக எலும்பில் அழுத்தும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டம் பாலைப் பற்றியது மட்டுமல்ல. புல்லில்லாத மாட்டுக்குத் தசையுமில்லை, இழுவையுமில்லை.

நுகத்தைச் சோதித்தல்

ஒரு கழுத்தில் 20 கிலோ பாரம் விழுகிறது என்று வைப்போம். உருண்டையான கம்பு ஓர் அங்குல அகலத்திலும் நான்கு அங்குல நீளத்திலும் மட்டுமே தோலைத் தொட்டால், ஒவ்வொரு சதுர அங்குலத் தோலும் 5 கிலோவைச் சுமக்கிறது. அதே நுகத்தை மூன்று அங்குல அகலத்திலும் ஆறு அங்குல நீளத்திலும் தொடும்படி குடைந்து சீவினால் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே விழும். பாரம் குறையவில்லை. அது பரவிவிட்டது. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எலும்பு முட்டும் இடத்தில் படுக்கைப் புண் வருவதும், மாட்டுக்குக் கழுத்துப் புண் வருவதும் ஒரே காரணத்தால்தான். அழுத்தப்பட்ட இடத்துக்கு இரத்தம் ஓடுவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில:

1. ஈரச் சாம்பலை மாட்டின் கழுத்தில் மெல்லியதாகத் தடவி, நுகத்தை வைத்து அழுத்தித் தூக்குங்கள். நுகத்தில் சாம்பல் ஒட்டிய இடம் மட்டுமே கழுத்தைத் தொடுகிறது. சிறு பொட்டாக ஒட்டியிருந்தால் அந்த மேட்டைச் சீவுங்கள். அகலமாக ஒட்டும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

2. அரை மணி நேர வேலைக்குப் பின் நுகத்தை எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் வியர்த்திருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் மிஞ்சிவிட்டது. சேணம் போட்ட குதிரையிலும் இதைத்தான் பார்ப்பார்கள். மயிர் குழம்பி நின்றால் அங்கே நுகம் உரசுகிறது. நுகம் படும் இடத்தில் புதிதாக வெள்ளை மயிர் முளைத்திருந்தால் பழைய காயத்தின் அடையாளம்.

3. நுகத்தின் ஓரங்களில் விரலை ஓட்டுங்கள். கூரான விளிம்பு, ஆணி முனை, வெடிப்பு எதுவும் இருக்கக்கூடாது. விளிம்புகளை உருட்டி, கண்ணாடித் துண்டினால் வழித்து மினுக்குங்கள்.

4. கழுத்துக் கயிறு நுகம் கழராமல் காப்பதற்கு மட்டுமே. நான்கு விரல்கள் தாராளமாக உள்ளே போக வேண்டும். இறுகினால் பழங்காலத்துக் குதிரையைப் போல மாடும் மூச்சுக்குத் தவிக்கும்.

மரத்தைப் பொறுத்தமட்டில், முதிரை வைரமானதுதான். ஆனால் அதன் பாரம் முழுவதும் கழுத்தில் இருக்கும். வெடிக்காத, இலேசான, நன்கு காய்ந்த மரமே நுகத்துக்கு நல்லது. சாக்கை மடித்து வைத்தால் போதுமென்று நினைக்க வேண்டாம். சுருளும் சாக்கு புது மேட்டை உண்டாக்கும். ரயர் துண்டு வியர்வையைத் தேக்கித் தோலை அவிக்கும். முதலில் மரத்தைச் சரியாகச் சீவி, அதன்பின் பஞ்சு வைத்துத் தைத்த சாக்கு மெத்தையை நுகத்தோடு சேர்த்துக் கட்டலாம். அதையும் வாரத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயவிட வேண்டும்.

வண்டிலின் சமநிலை

நுகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாரத்தைத் தவறாக ஏற்றினால் பயனில்லை. இரட்டை மாட்டு வண்டில் ஒரு தராசு. அச்சு அதன் நடுப்புள்ளி. அச்சுக்கு முன்னே ஏற்றிய பாரத்தின் ஒரு பங்கை மாட்டின் கழுத்து சுமக்கும்.

கணக்கு எளியது. ஆறு மூட்டை நெல் ஏறக்குறைய 400 கிலோ. அச்சிலிருந்து நுகம் வரை 10 அடி என்று வைப்போம். பாரத்தின் நடு, அச்சுக்கு ஓர் அடி முன்னே இருந்தால், 400ஐ 1ஆல் பெருக்கி 10ஆல் பிரிக்க, நுகத்தில் 40 கிலோ விழும். மாடொன்றுக்கு 20 கிலோ. மூட்டைகளை அரை அடி பின்னே தள்ளினால் அது பாதியாகும். ஒரு காசும் செலவில்லை. ஆனால் அச்சுக்குப் பின்னே தள்ளிவிடாதீர்கள். அப்போது நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றி முடித்ததும் பூட்டுவதற்கு முன் ஏர்க்காலை ஒருவர் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பாரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாரத்தைத் தாழ்வாக ஏற்றுவதும் முக்கியம். உயரமாக அடுக்கிய பாரம் ஏற்றத்தில் பின்னே சாய்ந்து நுகத்தைத் தூக்கும். இறக்கத்தில் முன்னே சாய்ந்து கழுத்தை அமுக்கும். வைக்கோல் ஏற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இவ்விடயத்தை அறிவியலாக எடுத்துப் பேசியவர் பேராசிரியர் என். எஸ். இராமசாமி. பெங்களூரிலுள்ள இந்திய முகாமைத்துவ நிறுவகத்தின் முதல் பணிப்பாளராக இருந்த அவர், மாட்டு வண்டியைத் திருத்துவது நாட்டின் போக்குவரத்துப் பிரச்சினை என்று வாதாடினார். இலேசான வண்டி, எளிதாகச் சுழலும் சில்லு, கழுத்தை வருத்தாத நுகம் என்பனவே அவர் கேட்டவை. 2022இல் மகாராஷ்டிரா மாநிலத்தின் சாங்லி மாவட்டத்தில், இஸ்லாம்பூர் ராஜாராம்பாபு தொழினுட்ப நிறுவக மாணவர்கள் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டிகளைக் கவனித்தனர். ஏர்க்காலின் கீழே, மாடுகளுக்கு இடையில் ஒரு சிறிய சில்லைப் பொருத்தினர். கழுத்தில் விழும் பாரத்தை அந்தச் சில்லு ஏற்றுக்கொண்டது. எமது மணலில் அது புதையக்கூடும். ஆனால் தார் வீதியில் நெடுந்தூரம் பாரம் ஏற்றுவோர் உள்ளூர் ஒட்டுப் பட்டறையில் செய்து பார்க்கத்தக்க யோசனை.

மணலும் ஏற்றமும்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எமது நிலத்தில் மணலே பெரிய எதிரி. நல்ல தார் வீதியில் ரயர் வண்டிலை உருட்ட, மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இழுவை போதும். தளர்ந்த மணலில் 15, 20 பங்கும் அதற்கு மேலும் வேண்டும். வண்டிலும் பாரமும் சேர்ந்து 600 கிலோ என்றால் தார் வீதியில் 18 கிலோ இழுவை. மணலில் 90 கிலோ.

மாட்டின் பலம் எவ்வளவு? நாள் முழுவதும் வேலை செய்யும் எருது தன் உடற்பாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழுக்கும். 250 கிலோ எருது என்றால் 25 கிலோ. சோடிக்கு 50 கிலோ. சில நிமிடங்களுக்கு இதைவிட இரண்டு மூன்று மடங்கும் இழுக்கும். ஆனால் அது கடன் வாங்கிய பலம். ஓய்வு கொடுத்துத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பாலத்தடி ஏற்றமும் அப்படியே. பத்தடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் மொத்தப் பாரத்தின் பத்தில் ஒரு பங்கு மேலதிக இழுவையாகச் சேரும். 600 கிலோவுக்கு அது 60 கிலோ. ஏற்றத்தில் நின்றுவிடும் மாடு பிடிவாதம் பிடிக்கவில்லை. அது கணக்குச் சொல்கிறது. அந்த இடத்தில் கேட்டிக் கம்பை ஓங்குவதாலும் வாலை முறுக்குவதாலும் கணக்கு மாறாது. பாதி மூட்டையை இறக்கி இரண்டு நடையாகக் கொண்டுபோவதும், மணல் வழியில் மூன்று மூட்டையோடு நிறுத்துவதும் இரக்கம் மட்டுமல்ல, புத்தியுமாகும். இறக்கத்தில் வண்டில் மாட்டைத் தள்ளாதபடி பின்னால் ஒரு கட்டையைக் கட்டி இழுக்கவிடலாம்.

சோடி சேர்த்தல்

மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டலாகாது என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. உயரமும் நடையும் ஒவ்வாத இரண்டைப் பூட்டினால் இரண்டும் துன்பப்படும் என்பதைக் கண்ணால் கண்ட விவசாயிகளின் நடுவே பிறந்த விதி அது.

சோடி பிரிந்த மாட்டுக்கு வேறு மாட்டைச் சேர்க்க வேண்டி வந்தால் முதலில் தோள் உயரத்தையும், பிறகு நடை வேகத்தையும், அதன்பின் பலத்தையும் பாருங்கள். ஒன்று சற்றே பலவீனமானால் நுகத்தைக் கட்டும் இடத்தை மாற்றலாம். இரு கழுத்துகளுக்கும் இடையில் 48 அங்குலம் என்று வைப்போம். நடுவில் கட்டினால் பங்கு சரிபாதி. கட்டை இரண்டரை அங்குலம் பலமான மாட்டின் பக்கம் நகர்த்தினால், அது நூற்றுக்கு 55 பங்கும் மற்றது 45 பங்கும் இழுக்கும். இளம் நாம்பனை முதியதோடு பழக்கும்போதும் இம்முறை உதவும். மூன்று வயதுக்கு முன் பாரம் ஏற்ற வேண்டாம். எலும்பு முற்றாத காலத்துக் காயம் ஆயுளுக்கும் நிற்கும்.

மாடு சொல்லும் செய்தி

மாடு நொண்டுவதற்கு முன்பே செய்தி சொல்லும். முன்காலில் நோவிருந்தால் அக்கால் நிலத்தில் படும்போது தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். அடிகள் குட்டையாகும். நுகத்தைக் கண்டதும் தலையைத் திருப்பும். ஒரே பக்கம் சாய்ந்து இழுக்கும். இவற்றைக் கண்டால் அன்றே நிறுத்திக் குளம்பையும் கழுத்தையும் பாருங்கள். தார் வீதியில் அதிகம் நடக்கும் மாட்டுக்கு லாடம் வேண்டும். பிளவுக் குளம்பாகையால் காலுக்கு இரண்டாக, மாடொன்றுக்கு எட்டு லாடங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். விடியற்காலையிலும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வேலை வாங்குங்கள். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. தண்ணீரில் கிடக்கும் நேரம் அதற்குச் சோம்பல் நேரமன்று.

புண் வந்துவிட்டால் நுகத்தைக் கழற்றுவதே முதல் மருந்து. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஈ மொய்க்காமல் பாருங்கள். புழு வைத்தாலோ சீழ் கட்டினாலோ அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். கழிவு எண்ணெய், பற்றறித் தண்ணீர், சுட்ட இரும்பு எதுவும் வேண்டாம். தோல் முழுவதும் ஆறி மயிர் முளைக்கும்வரை பூட்டாதீர்கள். அந்த நாட்களில் தச்சரிடம் போய் நுகத்தைத் திருத்துங்கள். நுகம் திருந்தாமல் புண் மட்டும் ஆறினால் ஒரு வாரத்தில் அது திரும்பவும் வரும். இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே மிருகவதைத் தடைச் சட்டம் உண்டு என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நுகம் செய்த கைகள்

மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் படிப்பினையை நுகத்துக்கு ஒப்பிடுகிறார். அந்த நுகத்தின் தன்மையைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, கனிவானது, பயன் தருவது என்ற பொருள்கள் உண்டு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித யுஸ்தீனு, இயேசு தச்சராயிருந்தபோது ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். நாசரேத்தூர்ப் பட்டறையில் ஒரு நுகத்தைச் சரியாகச் சீவுவது தெய்வீக வேலையாயிற்று என்றால், எமது பட்டறையில் அது குறைந்த வேலையாக இருக்க முடியாது. பாரத்தைப் பற்றி எம் மக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தம் அளவுக்குச் செய்யப்படாத பாரத்தைப் பல ஆண்டுகள் சுமந்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொரு கிராமமும் பெரும்போக வேலை தொடங்குமுன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கலாம். எல்லோரும் தத்தம் நுகத்தோடும் மாட்டோடும் ஓரிடத்தில் கூடட்டும். அனுபவமுள்ள முதியவர் ஒருவரையும், தச்சர் ஒருவரையும், கால்நடை வைத்தியரையும் அழையுங்கள். முகாமில் வளர்ந்த இளைஞர்களை முன்னே நிறுத்துங்கள். சாம்பலும் உளியும் கண்ணாடித் துண்டும் போதும். ஒரு நாளில் ஒரு கிராமத்து நுகங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்.